கீட்டோவை விட்டுச் சோற்றுக்குத் திரும்பினேன்

மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையில் முதல் வாரமே எடை மளமளவென்று இறங்கியது. ஆபீஸில் ஆளாளுக்கு ரகசியம் கேட்டார்கள். ஆனால் ஆரம்பத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். ஒரே கல்யாண விருந்துக்குப் பிறகு பாதி எடை திரும்பி வந்தது அதனால்தான்.

அப்புறம் தலைசுற்றல், மலச்சிக்கல். உப்பும் தண்ணீரும் கூட்டியதும் தலைசுற்றல் நின்றது. முடி கொட்டுவதோ சில மாதம் கழித்துத் தொடங்கியது. எடை வேகமாகக் குறைந்தால் அது இப்படித் தாமதமாகத்தான் வரும். 1921இல் வலிப்பு நோய்க்கென்று, டாக்டர் கண்காணிப்பில் தரத் தொடங்கிய உணவுமுறை இது. நாம் வாட்ஸ்அப் பார்த்துத் தொடங்குகிறோம்!

எனக்குச் சரிப்பட்டது வேறு. தட்டில் பாதி பொரியல், கூட்டு. கால்வாசி பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால்வாசி சோறு. டீயில் சர்க்கரை போச்சு, மாலை பஜ்ஜியும் போச்சு (மழை பெய்தால் மட்டும் விதிவிலக்கு). சில வாரம் அரை கிலோகூடக் குறையாது, ஆனால் குறைந்த எடை தீபாவளி தாண்டியும் திரும்ப ஏறவில்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழலாம். டாபாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை என்றால் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஆபத்தாகக் கூடுவது) அபாயமும் உண்டு. டாக்டரிடம் மருந்தைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் சோற்றைக் குறைக்க வேண்டும்.