கைத்தொழில் செய்வோர் குறைந்த செலவில் விளம்பரம் செய்ய

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி போன்ற பகுதிகளில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் வேலைகளைத் தனியாகச் செய்பவர்கள், நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போடுவதைவிட, வேலை முடித்த இடத்திலேயே வீட்டுக்காரரின் சம்மதத்துடன் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது மேல். மோட்டார் சுவிட்ச் பெட்டியின் மூடியில் ஒட்டினால், மோட்டார் ஓடாத நாளில் அவர் கண்ணில் முதலில் படுவது அந்த எண்ணாகத்தான் இருக்கும். பெயர், தொழில், கைப்பேசி எண் மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். சாமி படம் முதல் சலுகை விவரம் வரை அடைத்தால் எண்ணைத் தேட வேண்டியதாகிவிடும்.

கூகுளில் தொழில் விவரத்தைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. கடை இல்லாதவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குச் செல்லும் பகுதிகளை 20 வரை குறிப்பிடலாம் என்பதால், ‘சென்னை’ என்று பொதுவாகப் போடாமல் ராயபுரம், தண்டையார்பேட்டை, எம்.கே.பி. நகர் எனப் பிரித்து எழுதினால், இவர் நம் தெருவுக்கு வருவாரா என்ற ஐயம் வாடிக்கையாளருக்கு எழாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம்தான். முடித்த வேலைகளின் படங்களை அதில் சேர்த்து வைக்கலாம்.

பழக்கமான ஹார்டுவேர் கடையில் கார்டு கொடுத்து வைக்கலாம். மின்கம்பத்திலும் பாலத்தூணிலும் மட்டும் ஒட்ட வேண்டாம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, அந்தச் சுவரொட்டியில் இருப்பதோ உங்கள் சொந்த எண்.