18 மீட்டர் டயர் தடம்: காரின் வேகத்தைக் கணக்கிடும் முறை

சிங்கப்பூரில் வேறு பலகை இல்லாத சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். 18 மீட்டர் தடம் பதித்துச் சறுக்கி நின்ற கார் அந்த வரம்பை மீறியதா? சாலை காய்ந்திருந்ததா, நனைந்திருந்ததா என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். அதனால் கணக்கைவிட அளவெடுப்பில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

படி 1: தடத்தின் நீளம்

பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டதும் கறுப்புத் தடம் உடனே விழுவதில்லை. முதலில் மங்கலான நிழல் போலத்தான் தெரியும். நின்று பார்த்தால் அது கண்ணில் படாது. தடம் போகும் திசையிலேயே குனிந்து, தரையோடு பார்வையை ஓட்டினால் தெரியும். அங்கிருந்து அளவு நாடாவைப் பிடியுங்கள்.

தொடங்கிய சக்கரத்திலேயே முடிக்க வேண்டும். பின்சக்கரத் தடத்தின் தொடக்கத்திலிருந்து முன்சக்கரம் நின்ற இடம்வரை அளந்தால், இரு சக்கரங்களுக்கும் இடையிலான சுமார் 2.6 மீட்டர் வீணாகச் சேர்ந்துவிடும்.

படி 2: உராய்வுக் கெழு

டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் உராய்வுக் கெழு. காய்ந்த தார்ச்சாலைக்கு ஏறத்தாழ 0.7, நனைந்ததற்கு 0.5 என்று அட்டவணைகள் சொல்லும். தொடக்கப் பயிற்சிக்கு அது போதும். ஆனாலும் ஒருமுறை நீங்களே அளந்து பாருங்கள், எண்ணின் அருமை புரியும். பழைய டயர்த் துண்டு ஒன்றின் மேல் மணல் மூட்டையைக் கட்டி, மொத்தம் 10 கிலோவாக்குங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டிக் கிடைமட்டமாக இழுங்கள். தராசு 7 கிலோ காட்டினால் கெழு 0.7.

இழுக்கத் தொடங்கும் கணத்தில் முள் எகிறும். அதை எழுதாதீர்கள், சீராக நகரும்போது காட்டுவதே கணக்கு. கயிறு மேல்நோக்கிச் சாய்ந்தால் மூட்டையின் பாரத்தில் ஒரு பகுதியைக் கையே தாங்கும், அளவு பிசகும். பத்து முறை இழுத்துச் சராசரி எடுங்கள். வாகனம் ஓடும் சாலையில் இறங்கவே கூடாது. வெளியார் வராத தார்த் தரை கிடைத்தால் அங்கே பழகலாம்.

விபத்து நேரத்தில் மழை பெய்து, நீங்கள் அளக்கும்போது தரை காய்ந்திருந்தால் இந்த எண் பயன்படாது.

படி 3: கணக்கு

வேகம் = வர்க்கமூலம் (2 × கெழு × 9.81 × நீளம்). இதில் 9.81 என்பது புவியீர்ப்பு முடுக்கம்.

காய்ந்த சாலை: 2 × 0.7 × 9.81 × 18 = 247. வர்க்கமூலம் விநாடிக்கு 15.7 மீட்டர். 3.6 ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 57 கிலோமீட்டர். கெழுவை 0.5 ஆக்கினால் சுமார் 48! ஓட்டுநர் குற்றவாளியா இல்லையா என்பது அந்த 0.2இல் இருக்கிறது. விடையை எப்போதும் ஒரு வீச்சாகவே எழுதுங்கள்.

காரின் எடை சமன்பாட்டில் அடிபட்டுப் போகும். அதற்காக லாரிக்கும் இதே கெழுவைப் போடாதீர்கள், அதன் டயர்களின் பிடிப்பு பொதுவாகக் குறைவு. மேம்பாலத்தில் 4 விழுக்காடு ஏற்றம் என்றால் கெழுவோடு 0.04 கூட்டுங்கள், இறக்கத்தில் கழியுங்கள்.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள கார் மிக மங்கலாகவே தடம் விடும். தடம் இல்லை என்பதை வைத்து ஓட்டுநர் பிரேக் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுவது பெரும் பிழை.

படி 4: தடத்தின் முடிவில் மோதல்

காய்ந்த சாலையில் 18 மீட்டர் சறுக்கிய கார், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தூணில் மோதியது என்று வையுங்கள். 57ஐயும் 30ஐயும் கூட்டி 87 என்பார்கள் புதியவர்கள். கூட்ட வேண்டியது ஆற்றலை. அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 57இன் வர்க்கம் 3249, 30இன் வர்க்கம் 900. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர். தடம் விழும் முன்பே பிரேக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்திருக்கும் என்பதால், இதைக் குறைந்தபட்ச வேகம் என்றே குறிப்பிடுங்கள்.