தப்பான விடைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது

52 − 27 = 35 என்று ஒரு குழந்தை எழுதியிருந்தால், தப்பு என்று சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடாதீர்கள். "இதை எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்று பதில் வரும். இது கவனக்குறைவே இல்லை. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதை, ஒவ்வொரு இலக்கத்துக்கும் அப்படியே பொருத்தியிருக்கிறது.

இதற்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதால் பயனில்லை. குச்சிகளை எடுங்கள்: பத்துப் பத்தாகக் கட்டியது 5 கட்டு, உதிரி 2. இதிலிருந்து 27 எடுக்கச் சொல்லுங்கள். உதிரியில் 7 இல்லை என்றதும் குழந்தையே ஒரு கட்டைப் பிரிக்கும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. எடுத்தபின் மிச்சம் 25. கடன் வாங்கிக் கழிக்கும் முறையைத் தாளில் எழுதிக் காட்ட இதுதான் சரியான நேரம்.

சரியாகப் போட்ட பிள்ளைகளிடமும் "எப்படி?" என்று கேளுங்கள். தப்பு செய்தால் மட்டுமே கேட்பார்கள் என்றாகிவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டபின் சில வினாடி பொறுமையாகக் காத்திருங்கள்.