பழைய லேப்டாப்பில் காசு போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

வீட்டில் சும்மா கிடக்கும் ஏழெட்டு வருட லேப்டாப்பை ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான சேமிப்பு) போட்டு எழுப்பிவிடலாம் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் பொருளை வாங்கிப் பிரித்து மாட்டி, வேலை செய்யவில்லை என்ற பிறகுதான் எனக்கு போன் செய்கிறார்கள். ஸ்க்ரூவைத் தொலைக்காதே, பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் உள்ளே கை விடாதே என்பதெல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்கும், அவற்றை விட்டுவிட்டு, பலரும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் ராம் வாங்குவது

மெதுவாக இருக்கிறது என்றாலே ராம் போடு என்பார்கள். முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே ஓடாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, மெமரி பாதிகூட நிரம்பாமல் இருந்தால் கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தான். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டில் ஆயிரம் குட்டிக் குட்டி ஃபைல்களைத் தேடி எடுக்க நேரமாகும், எத்தனை ராம் போட்டாலும் அது மாறாது. 4 ஜிபி வைத்துக்கொண்டு குரோமில் இருபது டேப் திறப்பவருக்கு ராமும் வேண்டும்தான். அப்போதும் டிடிஆர்3 என்ற பழைய ராம் வகைக் காலத்து மெஷின் என்றால் பழைய ராமின் ஸ்டிக்கரைப் பாருங்கள். பிசி3எல் என்று இருந்தால் அது 1.35 வோல்ட். 1.5 வோல்ட் ராமும் அதே ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் பல மெஷின்களில் திரையே வராது.

பொருந்துகிறது, அப்போ வேலை செய்யும் என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது. சித்தப்பா பையன் ஒருவன், ஆறாம் தலைமுறை இன்டெல் லேப்டாப். பின்மூடியைத் திறந்தான், எம்.2 ஸ்லாட் (குச்சி போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) காலியாக இருந்தது, ஒரே சந்தோஷம். 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) வாங்கி மாட்டினான், ஸ்க்ரூவும் சரியாக முடுக்கினான். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை மென்பொருள்) பெயரே வரவில்லை. பீஸ்தான் பழுது என்று சண்டை போட்டு மாற்றி வாங்கினான், அதுவும் வரவில்லை. அடுத்து மதர்போர்டு போய்விட்டது என்று அவனே முடிவு கட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தான். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த ஸ்லாட்டில் சாட்டா (வேகம் குறைந்த பழைய வகை இணைப்பு) மட்டும்தான் ஓடும், அவ்வளவுதான்.

எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதன் வழியே சாட்டாவும் போகலாம், பிசிஐஇ என்ற வேகமான வழியில் என்விஎம்இயும் போகலாம். எது போகும் என்பது போர்டில் வயர் போட்டவர் கையில் இருக்கிறது. எஸ்எஸ்டியின் தங்க நிற முனையைப் பாருங்கள்: ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனால் எம் கீ என்ற, ஒரு வெட்டுக்கான ஸ்லாட்டில் இரண்டுமே உள்ளே போய்விடும், ஏமாறுவது அங்கேதான். புது மெஷின்களில் இது தலைகீழாகவும் நடக்கும், என்விஎம்இ மட்டும் எடுக்கும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2 வாங்கி மாட்டி விழிப்பார்கள். இன்னும் பழைய சிலவற்றில் என்விஎம்இ விண்டோஸுக்குள் தெரியும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது, பயாஸுக்கு அந்த வித்தை தெரியாது. வைஃபை கார்டு உட்கார்ந்திருக்கும் குட்டி ஸ்லாட்டும் எம்.2தான், அதை எஸ்எஸ்டி ஸ்லாட் என்று நினைத்து அளவு கேட்டவர்களும் உண்டு!

மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல், ஹெச்பி, லெனோவா மூன்றுமே பிடிஎஃப்பாக இலவசமாக வைத்திருக்கின்றன. ஸ்டோரேஜ் பக்கத்தில் சாட்டாவா, பிசிஐஇயா, அளவு 2280ஆ (80 மிமீ நீளம்) 2242ஆ (42 மிமீ நீளம்) என்று எல்லாம் இருக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குப் போனாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சீல் பிரித்த எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு. சந்தேகமாகவே இருந்தால் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். சித்தப்பா பையனுக்கும் கடைசியில் அதைத்தான் போட்டோம். தாளில் என்விஎம்இ பல மடங்கு வேகம்தான், ஆனால் வேர்டு, பிரவுசர், யூடியூப் என்று ஓட்டுபவருக்குக் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வாங்கிய என்விஎம்இ வீணாகவில்லை, யுஎஸ்பி என்க்ளோஷர் என்ற குட்டிப் பெட்டியில் போட்டு வெளி டிரைவாக வைத்திருக்கிறான்.

பிராசஸரை மாற்றுவது

பெரும்பாலும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. விட்டுவிடுங்கள்.

டிவிடி டிரைவ் இடத்தில் எஸ்எஸ்டி

கேடியில் (டிவிடி டிரைவைக் கழற்றிய இடத்தில் டிஸ்க் மாட்டும் சட்டம்) போக வேண்டியது பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி மெயின் இடத்துக்கு. கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வருகிறது, அளந்துவிட்டு வாங்குங்கள்.

விண்டோஸை யோசிக்காமல் இருப்பது

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0வும் (ஒரு பாதுகாப்பு வசதி) வேண்டும். இல்லாதவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுப் பாருங்கள், அப்பா அம்மா பேப்பர் படிக்கவும் வீடியோ கால் பேசவும் தாராளமாகப் போதும்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்வது

முதலில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் குளோனிங்கைத் தொடாதீர்கள், அந்த டிஸ்க் பாதியில் கையை விரித்துவிடலாம். போட்டோக்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயை மூடியைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி போட்ட அன்றே பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாதீர்கள், டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா எந்த ஃபோல்டரில் இருந்தது என்று ஒரு மாதம் கழித்துத்தான் யாராவது கேட்பார்கள்.