பழைய சைக்கிளில் செயின் வழுக்குகிறதா? ஸ்க்ரூவைத் திருகும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கை மாறி வந்த சைக்கிளில் கியர் சரியாக விழவில்லை என்றதும் பலரும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கண்ணில் படும் ஸ்க்ரூவையெல்லாம் ஆளுக்கொரு சுற்று திருகிப் பார்ப்பார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். புது சைக்கிள் என்றால் கேபிள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இறுக்கினால் வேலை முடிந்தது. பழைய சைக்கிளில் எங்கோ ஒரு தேய்மானமோ வளைவோ துருவோ இருக்கும், அதைச் சமாளிக்க முன்பு ஓட்டியவர் ஸ்க்ரூக்களை ஏற்கெனவே இடம் மாற்றியும் வைத்திருக்கலாம். அதனால் முதலில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், திருகுவதெல்லாம் கடைசியில்தான்.

முதல் வேலை, செயினை நன்றாகத் துடைத்துவிட்டு அளப்பது. ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினில் தகடுகளைக் கோத்திருக்கும் ஒரு பின்னுக்கும் (pin) அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம், எனவே 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு வருகிறதா என்று பாருங்கள். கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் பெரும்பாலும் சேர்ந்தே போயிருக்கும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, உண்மையில் தகடுகள் இழுபடுவதில்லை. உள்ளே பின்கள் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் துளித்துளியாக இடைவெளி கூடி, மொத்தத்தில் நீளமாகத் தெரிகிறது.

இங்கே பழைய சைக்கிள் ஆட்களை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. தேய்ந்த செயினும் தேய்ந்த பற்களும் ஒன்றுக்கொன்று பழகி, வழுக்காமலே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஆசையாகப் புதுச் செயினைப் போட்ட அன்றுதான் அழுத்தி மிதித்ததும் "டக்" என்று தாவும். அது புதுச் செயினின் குற்றமில்லை, பழைய பற்கள் அதற்குப் பொருந்தவில்லை. அதனால் அளவு ரொம்பத் தாண்டியிருந்தால் செயினையும் பின் பல்சக்கரங்களையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அளவு சரியாக இருந்தும் குறிப்பிட்ட ஓரிரு கியரில் மட்டும் தாவுகிறதா? முன்பு ஓட்டியவர் செயினை மட்டும் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பெடல் பக்கத்துப் பெரிய சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் அதுவும் முடிந்த கதைதான்.

எந்தக் கியரில் போனாலும் இடைவிட்டு இடைவிட்டு ஒரே மாதிரி ஒரு தாவல் வருகிறது என்றால் ஏதோ ஒரு மூட்டு இறுகிக் கிடக்கிறது. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, டீரெய்லரின் (பின்சக்கரத்தருகே தொங்கி, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி) குட்டிச் சக்கரங்களைச் செயின் தாண்டும் இடத்தைக் கவனியுங்கள். இறுகிய மூட்டு நேராகாமல் துள்ளிக்கொண்டு வரும். அந்த இடத்தில் எண்ணெய் விட்டு, செயினைப் பக்கவாட்டில் இரு கைகளாலும் லேசாக வளைத்து வளைத்து விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். செயின் முழுக்கத் துருவேறிப் பல மூட்டுகள் இப்படி இருந்தால் போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அப்புறம் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேர்கீழே, ஒரே கோட்டில் தொங்க வேண்டும். சைக்கிள் எப்போதாவது அந்தப் பக்கமாக விழுந்திருந்தால் டீரெய்லரைத் தாங்கும் கொக்கி உள்பக்கம் வளைந்திருக்கும். இது வளைந்திருக்கும்போது எந்த ஸ்க்ரூவைத் திருகியும் எல்லாக் கியரும் ஒழுங்காக விழாது. இரும்புக் கொக்கியை அதற்கான அளவுகோல் வைத்திருக்கும் மெக்கானிக் நிமிர்த்திவிடுவார். அலுமினியம் என்றால் உடையக்கூடும், கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் புதிது போடுவதே நல்லது.

இதெல்லாம் சரி என்றால் இப்போது திருகலாம். டீரெய்லரில் எச், எல் (H, L) என்று குறித்த இரண்டு ஸ்க்ரூக்களும் டீரெய்லர் இரு கோடிகளைத் தாண்டிப் போகாமல் தடுப்பதற்கு மட்டும்தான், நடுக் கியர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. எச் சின்னப் பல்சக்கரத்துக்கு, எல் பெரியதற்கு. எல் தளர்ந்திருந்தால் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்குகளுக்குள் பாய்ந்து பின்சக்கரத்தையே நிறுத்திவிடும், அதனால் இதைச் சரிபார்க்காமல் ரோட்டுக்குப் போகாதீர்கள். நடுக் கியர்கள் கேபிளின் இறுக்கத்தைப் பொறுத்தவை. பெரிய சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இறுக்கம் போதவில்லை. கேபிள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகியை வெளிப்பக்கமாக, ஒரு நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பிப் பாருங்கள். சின்னச் சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் இறுக்கம் அதிகம் என்று புத்தகம் சொல்லும். பழைய சைக்கிளிலோ நான் முதலில் சந்தேகப்படுவது உறைக்குள் துருப்பிடித்த கம்பியைத்தான். கம்பியைக் கழற்றிக் கையால் இழுத்தால் தெரிந்துவிடும். சரசரவென்று உரசினால் கம்பி, உறை இரண்டையும் மாற்றுங்கள். கியர் உறையை மட்டும் பிரேக்குக்குப் போட்டுவிடாதீர்கள், அழுத்தத்தில் பிளந்துவிடும்.

கியர் இல்லாத சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்றால் இறுக்கத்தைப் பாருங்கள். நடுவில் விரலால் தூக்கினால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றி, அதிகம் இறுகும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். பின் ஆக்ஸில் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை நேராகப் பின்னால் இழுத்து, இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். சக்கரம் நகர்ந்திருப்பதால் பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

செயின் தாவாமல் ஓடுகிறது, பெடல் மட்டும் காற்றில் சுற்றுவது போலப் பிடிமானம் இல்லாமல் போகிறதா? அது ஃப்ரீவீலின் (மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைத் தானாகச் சுழலவிடும் பல்சக்கரப் பாகம்) உள்ளே இருக்கும் குட்டி நாக்குகள் கெட்டியான பழைய கிரீஸில் ஒட்டிக்கொள்வதால். மண்ணெண்ணெய் விட்டு அலசி, காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் விட்டுப் பாருங்கள். மறுபடியும் வந்தால் ஃப்ரீவீலையே மாற்றுங்கள், நடுரோட்டில் நின்று மிதிக்கும்போது பிடி விட்டால் விழுந்துவிடுவீர்கள்.

எல்லாம் முடிந்ததும் செயினுக்கு எண்ணெய். பின்னைச் சுற்றியிருக்கும் குட்டி உருளையான ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, பெடலைச் சில சுற்று சுற்றிவிட்டு வெளியே வழிவதைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும். ரிம்மிலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக்கூடாது. அதன்பிறகு முதல் ஓட்டத்தில் எழுந்து நின்று மிதிக்காமல், சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சின்ன ஏற்றத்தில் ஒவ்வொரு கியராக அழுத்திப் பாருங்கள்.