ஓலைப்பெட்டி முகமுள்ள குரோஷா கைப்பை

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷாவில் என் முதல் பையை மார்கழிக் கடைசியில் பின்னி முடித்தேன். பொங்கலுக்குப் பனங்கிழங்கு வாங்க அதையே தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு கட்டுக் கிழங்கு, ஒரு மஞ்சள் குலை, அவ்வளவுதான். பஸ் ஏறுவதற்குள் கைப்பிடி நீண்டு பை முழங்காலைத் தட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கிழங்கின் நுனியெல்லாம் பின்னல் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கிறது. "பையா பின்னுன, வலையா பின்னுன?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இருபது வருடமாக ஒயர் கூடை போட்ட கை இது. சிவன் கண், நெல்லிக்காய் என்று கூடைப் பின்னல் எல்லாம் போட்டிருக்கிறேன். ஆனால் ஒயர் தானாகவே விறைப்பாக நிற்கும், நூல் நிற்காது. அந்த விறைப்பைப் பின்னல்தான் கொடுக்க வேண்டும். மேடுபள்ளமான பின்னலை அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அதைப் போடுவது பை தொங்காமல் இருக்க.

மேடுபள்ளத்திலும் எல்லாம் பைக்கு ஆகாது. பாப்கார்ன், பஃப் என்ற குமிழ்ப் பின்னல் இரண்டும் பார்க்க நெல்லிக்காய் மாதிரி திரண்டு நிற்கும். பஸ் சீட்டுக் கம்பியில் ஒரு தடவை மாட்டினால் நூல் இழுத்துவிடும். நான் போடுவது கூடைப்பின்னல். உடன்குடிக் கருப்பட்டி வைத்துத் தரும் ஓலைப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் என்று மாறி மாறி வரும் அதே முகம். தடிமனாக, ஓட்டை இல்லாமல் வரும்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். கடையில் முதலில் எடுத்துப் போடுவது அக்ரிலிக் உல்லனாகத்தான் இருக்கும். அது நீளும், பிசிறு தட்டும், நம் ஊர் வெயிலில் கையில் பிசுபிசுக்கும். 8 பிளை (நூலின் தடிமன்) பருத்தி நூல், 100 கிராம் உருண்டை மூன்று எனக்குப் போதுமாக இருந்தது. நான்காவது ஒன்றும் அதே லாட் எண்ணில் வாங்கி வையுங்கள். லாட் மாறினால் நிறம் மாறும். ஊசி 3.5 மி.மீ. நூல் சீட்டில் 4 அல்லது 4.5 என்று போட்டிருந்தாலும் பைக்கு இறுக்கம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வீடியோக்களில் அமெரிக்கர்கள் சிங்கிள் என்னும் குட்டைப் பின்னலை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்கர்கள் டபுள் என்னும் உயரமான பின்னல் பிரிட்டிஷ்காரர்களுக்கு ட்ரெபிள். நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு.

அடிப்பாகம் முட்டை வடிவம். 33 சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் வளையம்) போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 31 சிங்கிள், கடைசிச் சங்கிலியில் மட்டும் 3. அப்படியே திரும்பி மறுபக்கத்தில் 30, முடிவில் ஒரே சங்கிலியில் 2. மொத்தம் 66. அடுத்த ஐந்து சுற்றிலும் இரண்டு முனைகளிலும் மும்மூன்று கூட்டுங்கள்: 72, 78, 84, 90, 96. என் கைக்கு இது 23 சென்டிமீட்டர் நீளம், 6 அகலம் வந்தது. டிபன் பாக்ஸ் படுக்கும்.

இனி சுவர். கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழையில் பின் இழையில் மட்டும் குத்தி ஒரு சுற்று டபுள், 96. அடியும் சுவரும் மடியும் விளிம்பு இதில்தான் கிடைக்கிறது. அடுத்த சுற்றிலிருந்து கூடைப்பின்னல். வழக்கம்போல் கண்ணியின் தலையில் குத்தாமல், கீழ்ச் சுற்று டபுளின் காலை, அதாவது நிற்கும் தண்டைச் சுற்றி ஊசியை விட வேண்டும். ஊசியில் நூலை ஒரு தடவை சுற்றி, முன்பக்கமிருந்து குத்தி, காலுக்குப் பின்னால் வளைத்து மறுபடி முன்னால் எடுத்தால் ஃப்ரண்ட் போஸ்ட். கால் மேடாக எழும்பும். பின்பக்கமிருந்து குத்தி, காலுக்கு முன்னால் வளைத்துப் பின்னால் எடுத்தால் பேக் போஸ்ட். கால் உள்ளே போய்விடும். மீதி வேலை சாதாரண டபுள்தான்.

நான்கு முன், நான்கு பின், இப்படியே சுற்றி வாருங்கள். 96க்கு மிச்சம் இல்லாமல் வரும். சுற்று முடிவில் ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரம் கூட்டாத இணைப்புப் பின்னல்) இணைத்து இரண்டு சங்கிலி; அந்தச் சங்கிலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று சுற்று இதே வரிசை. நான்காவது சுற்றில் மாற்றுங்கள்: முன் இருந்த இடத்தில் பின், பின் இருந்த இடத்தில் முன். மறுபடி மூன்று சுற்று. ஐந்தாறு சுற்று வரைக்கும் ஒன்றும் தெரியாது, சுருக்கம் விழுந்த துணி மாதிரி இருக்கும். அவிழ்த்துவிடாதீர்கள். இரண்டாவது வரிசைக் கட்டம் முடியும்போது ஓலைப்பெட்டி தெரிய ஆரம்பிக்கும். பத்து வரிசைக் கட்டம், அதாவது முப்பது சுற்று, எனக்குச் சரியான உயரம்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் சுற்றின் கடைசிக் கால். இணைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 96 என்பது 95 ஆனால் கட்டம் நகர்ந்துவிடும். முதல் காலில் ஒரு ஊக்கு மாட்டி வைத்து, சுற்றுக்கு ஒரு முறை எண்ணிவிடுங்கள்.

திண்ணையில் உட்கார்ந்து பின்னினால் தெருவில் போகிறவர்கள், "என்ன, ரேந்தை போடுதியளா?" என்பார்கள். ரேந்தை என்றால் லேஸ். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த ரேந்தை வேறு. அது திண்டில் குண்டூசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. இது ஒற்றை ஊசி. விளக்கம் சொல்லப் போனால் எண்ணிக்கை போய்விடும், "ஆமா" என்று சொல்லிவிடுங்கள்.

மேல் விளிம்புக்கு நான்கு சுற்று சிங்கிள். முதல் சுற்றில் 12க்கு ஒரு முறை இரண்டு கண்ணியை ஒன்றாக்குங்கள், 88 ஆகும். குறைக்காவிட்டால் வாய் விரிந்து நிற்கும்.

கைப்பிடிதான் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது, அதனால் இதில் நான் சோம்பல்பட மாட்டேன். 6 சிங்கிள் அகலத்தில் 45 சென்டிமீட்டர் பட்டை இரண்டு பின்னி, உள்ளே சுண்டுவிரல் தடிமன் பருத்திக் கயிறு வைத்து, ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். இரு முனையிலும் 5 சென்டிமீட்டர் கயிறு இல்லாமல் தட்டையாக விடுங்கள், சுவரில் வைத்துத் தைக்க.

உள்ளே பிளவுஸ் லைனிங் துணி அரை மீட்டர். ஒரு முறை நனைத்துக் காயவைத்து வெட்டி, பையாகத் தையுங்கள். துணிப்பையின் உயரம் பின்னலைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் துணியில் நிற்கும், நூலை இழுக்காது. கைப்பிடியைத் தைக்கும்போது ஊசி பின்னலோடு துணியையும் சேர்த்துப் பிடிக்கட்டும். அடியில் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை முட்டை வடிவில் வெட்டி, துணிக்கும் பின்னலுக்கும் நடுவே செருகிவிடுங்கள்.

துவைத்தால் கொடியில் தொங்கவிட வேண்டாம். ஈரப் பருத்தி தன் பாரத்திலேயே நீளும். உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, நிழலில் பாய்மேல் படுக்கப் போடுங்கள். போன பொங்கலுக்கு நாலு கட்டுக் கிழங்கு தூக்கினேன். கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கிறது.