பரணில் கிடக்கும் இசைத்தட்டைப் பாட வைப்பது எப்படி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணமோ காதுகுத்தோ, முதல் நாள் சாயங்காலமே தென்னை மரத்தில் குழாயைக் கட்டி ரெக்கார்டுப் பெட்டியைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு தட்டையும் துடைத்து அவர் கையில் கொடுப்பது என் வேலை. கேசட் வந்தது, பெட்டி பரணுக்குப் போனது. அவர் காலமான பிறகு அதைக் கீழே இறக்கினேன். உறைகளில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. தட்டுகள் மேல் சாம்பல் தூவியதுபோல் பூஞ்சை. அவற்றில் பெரும்பாலானவை இன்று பாடுகின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

முதலில் தட்டு எந்த வகை என்று பாருங்கள். கனமாக, விறைப்பாக, நடுத்தாளில் 78 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அரக்குத் தட்டு. கை தவறினால் அப்பளம்போல் நொறுங்கும். லேசாக வளைந்து கொடுப்பது வினைல். அதில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் 12 அங்குலத் தட்டு எல்.பி.; 7 அங்குலச் சிறுதட்டு ஈ.பி., பெரும்பாலும் 45 சுற்று. இந்த வித்தியாசம் தெரியாமல் எதையும் கழுவாதீர்கள். ஸ்பிரிட், சானிடைசர் போன்ற ஆல்கஹால் கலந்த எதுவும் அரக்கைக் கரைத்துவிடும். ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தில் பாட்டு போனது போனதுதான்.

பூஞ்சை பிடித்த தட்டை வீட்டுக்குள் தட்டாதீர்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வாசலில் வைத்து, மெல்லிய பிரஷால் முதலில் தூசியை எடுங்கள். கழுவக் குழாய்த் தண்ணீர் கூடாது. எங்கள் ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்பு காய்ந்ததும், பாட்டு பதிந்திருக்கும் வரிகளுக்குள் படிந்துகொள்ளும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. பழைய வேட்டித் துணி வேண்டாம், நூல் பிரிந்து வரிகளில் சிக்கும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணிதான் சரி. வட்டமாக, வரி ஓடும் போக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கே அரமாகிக் கீறும். நடுத்தாள் நனையக் கூடாது. பிறகு சோப்பு இல்லாத தண்ணீரில் இன்னொரு துணியால் இரண்டு முறை துடையுங்கள். அரக்குத் தட்டையும் இப்படியே சுத்தம் செய்யலாம். ஆனால் ஊற விடாமல், ஈரத் துணியால் துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

உலர்த்துவதில்தான் நான் ஒரு தட்டை இழந்தேன். சித்திரை மாதம், சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அரை மணியில் அது தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. அப்பா பென்சிலால் தேதி எழுதி வைத்திருந்த தட்டு. இன்னும் தூக்கிப்போட மனம் வரவில்லை. நிழலில், நிமிர்த்தி, இரண்டு மணி நேரம் விடுங்கள். பீரோவில் அடுக்கும்போதும் நிமிர்த்தியே வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டால் அடித்தட்டு பாரம் தாங்காது. சாய்த்து வைத்தால் கோணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒருமுறை பீரோவைத் திறந்து காற்றாட விட்டால் பூஞ்சை திரும்பி வராது.

அடுத்து பிளேயர். புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியின் அழகைப் பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியது முள்ளை. எல்.பி.யின் வரி மெல்லியது. 78 தட்டின் வரி அகலமானது, அதற்கான முள்ளின் நுனியும் ஏறத்தாழ நான்கு மடங்கு பருமன். எல்.பி. முள்ளை 78-இல் வைத்தால் அது வரியின் அடியில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் கேட்கும். முள் தட்டின்மேல் எவ்வளவு கனமாக உட்கார்கிறது என்பதும் முக்கியம். முள் பொருத்தியிருக்கும் தலைப்பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர்; இன்றைய காந்த வகைக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். மைக்செட் நாட்களில் பாட்டு தாவினால் முள்ளின் தலையில் பத்துப் பைசாவை ஒட்டிவிடுவோம். தாவாமல் ஓடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரியைச் சுரண்டிவிடும். அப்படிப் பாடின தட்டுகளில் மேல் ஸ்தாயி கரகரப்பதை இன்றும் கேட்கிறேன்.

தட்டில் பாட்டைப் பதியும்போது கீழ் ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டித்தான் பதிவார்கள். அதைத் திரும்பச் சமன்படுத்துவது ஃபோனோ ப்ரீஆம்ப். சில பிளேயர்களுக்குள்ளேயே அது இருக்கும். இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று எழுதிய துளையில் செருகுங்கள். வேறு துளையில் செருகினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். தட்டு சுழலும் மேடையின் ஓரத்தில் புள்ளி வரிசை இருந்தால் சோக் வைத்த பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு உரிய வரிசை அசையாமல் நின்றால் வேகம் சரி.

இப்போது கேட்பது. கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வையுங்கள், முள்ளை இறக்குங்கள், உட்காருங்கள். ஒரு பக்கம் முழுவதையும் கேட்க வேண்டும், பாட்டைத் தாண்டக் கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

எம்.எஸ். சுப்புலட்சுமி 1963-இல் பாடி வெளியான வெங்கடேச சுப்ரபாதத்தைக் கோயில் குழாயில் கேட்டே பழகியிருப்பீர்கள். அதை எல்.பி.யில், அறையில், தாழ்ந்த ஒலியில் கேளுங்கள். கூடவே பாடும் ராதா விசுவநாதனின் குரல் எங்கே வளர்த்த தாயான எம்.எஸ்ஸின் குரலோடு சேர்கிறது, எங்கே அரை இழை விலகி நிற்கிறது என்று தெரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை 78-இல் கேட்டால் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான். ராகம் பாதியில் நிற்கும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பும் அந்த அரை நிமிடத்தில் நாதஸ்வரம் அறைக்குள் இல்லை, ஆனாலும் தோடி நின்றபாடில்லை. உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த அரை நிமிடம் மிகவும் பிடிக்கும். 1986-இல் இளையராஜா தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் வருகிறது. அந்த எல்.பி.யை மழை நாளில்தான் எடுப்பேன்.

ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒலி கொஞ்சம் மங்கினால் பயப்படாதீர்கள். உள்வட்டத்துக்குப் போகப் போக ஒரு சுற்றுக்கு முள் கடக்கும் தூரம் குறைகிறது. அதே ஒலி குறைந்த இடத்துக்குள் நெருக்கிப் பதிந்திருக்கிறது. முள்ளில் பஞ்சுபோல் தூசி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சின்னப் பிரஷால் பின்னிருந்து முன்னாக ஒரே இழுப்பு.

பக்கம் முடிந்ததும் முள் கடைசி வட்டத்தில் சுற்றிக்கொண்டு 'டிக்… டிக்…' என்று தட்டும். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்படியிலிருந்து அம்மா, "தம்பி, தட்டு முடிஞ்சிருச்சு பாரு" என்பாள். எழுந்துபோய் முள்ளைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போடுவேன்.